எத்தனை அடியில் தண்ணீர்?
திருப்பதி, சித்தூர்ப் பகுதியின் நிலத்தடி நீர்ப் பாசனம் பற்றி ஒரு கணக்கு

நகரி, புத்தூர், சித்தூர், பலமனேர்ப் பக்கம் நிலம் உள்ள நம் குடும்பங்களில் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் தண்ணீரில் வந்து நிற்கும். "உங்க போர் எத்தனை அடி?" என்பதுதான் முதல் கேள்வி. நம் பெற்றோர் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வயலில் திறந்த கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிந்தது. பிறகு நூற்றைம்பது அடி, நானூறு அடி என்று பதில் வரத் தொடங்கியது. இப்போது ஆயிரம் அடி என்று சொன்னால்கூடக் கேட்பவர் ஆச்சரியப்படுவதில்லை.

அடிக்கணக்கில் தண்ணீரைத் தேடுவது எங்கே கொண்டுபோய் விடுகிறது, மழையின் போக்கு மாறிவரும் இக்காலத்தில் விவசாயி வேறு எந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன். ஊரில் நிலத்தை அண்ணன் தம்பியிடம் விட்டுவிட்டு நகரத்தில் வேலை பார்க்கும் அன்பர்களுக்கும் இது பயன்படும். "இன்னொரு போர் போடணும், ஒன்றரை லட்சம் அனுப்பு" என்று போன் வருவது அவர்களுக்குத்தானே!

பாறையின் இயல்பு

சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு உருவானது. 1960-இல் திருத்தணி வட்டாரம் தமிழகத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இப்படிப் பலமுறை மாறினாலும், நிலத்தடி நீரைப் பொறுத்தவரை இந்தப் பகுதி பெரும்பாலும் ஒரே நாடுதான். கீழே இருப்பது கருங்கல்லும் அதன் இனமான வரிப்பாறையும். திருமலைக்கு மலைப்பாதையில் ஏறும்போது புவியியல் துறையினர் வைத்துள்ள அறிவிப்புப் பலகையைக் கவனித்திருப்பீர்கள். அடியில் மிகப் பழைய கருங்கல், அதன்மேல் பல கோடி ஆண்டுகள் பிந்திப் படிந்த பாறை, இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட கால இடைவெளி என்று அது சொல்கிறது. நம் வயல்களுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் அந்த அடிக் கருங்கல்தான்.

தஞ்சைப் பக்கம் ஆற்றுப் படுகையில் கிணறு தோண்டினால் மணல் வரும். மணலுக்குள் இடைவெளி அதிகம். நூறு குடம் மணல் படுகை முழுக்க நனைந்திருந்தால், இறைக்கும்போது அதிலிருந்து சுமார் பதினாறு குடம் தண்ணீர் கிடைக்கும். இங்கே மேல்மண்ணுக்குக் கீழே இருப்பது வெயிலிலும் மழையிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்துபோன பாறை. நூறு குடம் சிதைந்த பாறையிலிருந்து கிடைப்பது இரண்டு முதல் நான்கு குடம் தண்ணீர்தான். மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் பயன்படுத்தும் மதிப்பீட்டு விதிகளில் உள்ள அளவுகள் இவை. இந்தச் சிதைந்த அடுக்குக்கும் கீழே இறங்கினால் கெட்டிப் பாறை. அதில் அங்கங்கே ஓடும் விரிசல்களில் மட்டுமே தண்ணீர் இருக்கும். ஆழம் போகப் போக விரிசல்கள் குறையும். இருப்பவையும் மேலிருக்கும் பாரத்தால் இறுகிக் கிடக்கும்.

திறந்த கிணற்றுக் காலத்தில் விவசாயி பயன்படுத்தியது இந்த மேல் அடுக்குத் தண்ணீரைத்தான். கவலை கட்டி, மாட்டை முன்னும் பின்னும் ஓட்டி, சாலில் இறைத்தார்கள். நாள் முழுக்க இறைத்தாலும் ஓர் அளவுக்கு மேல் முடியாது. மாடு களைத்துப்போகும், மனிதனும் களைத்துப்போவான். அந்தக் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. பிறகு டீசல் எஞ்சின் வந்தது, மின் மோட்டார் வந்தது, நீர்மூழ்கி மோட்டாரும் வந்தது. 1980-களில் குதிரைத்திறன் கணக்கில் ஒரே கட்டணம் என்று ஆனது. 2004 மே மாதம் பதவியேற்ற அன்றே அன்றைய முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி விவசாயத்துக்கு இலவச மின்சாரக் கோப்பில் கையெழுத்திட்டார். கடன் சுமையில் இருந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல், அதை மறுக்க முடியாது. அதே சமயம், மோட்டாரை நிறுத்துவதற்கு விவசாயிக்கு இருந்த கடைசிக் காரணமும் அன்றோடு போயிற்று.

போர் போடும் வண்டிகளைப் பற்றி நாம் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் சங்கடமும் பட்டுக்கொள்ளலாம். இந்தியா முழுவதும் ஓடும் துளை லாரிகளுக்குத் தலைநகரம் நம் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. காஷ்மீரம் வரை அவ்வூர் வண்டி போகிறது, பலமனேருக்கு வராமலா இருக்கும்? பெரிய கம்ப்ரசரின் காற்றழுத்தத்தில் சுத்தியல் போல இடித்து இடித்து ஆறரை இஞ்சு ஓட்டையை ஒரே ராத்திரியில் இறக்கிவிடுவார்கள். மேல் மண் சரியாமலிருக்கக் கேசிங் பைப். அதற்குக் கீழே அடிக்கு இவ்வளவு என்று பணம், ஆழம் போகப் போக அடிக்கான விலையும் ஏறும். நடுராத்திரியில் வெள்ளைத் தூள் மட்டும் பறந்துகொண்டிருக்கும்போது வண்டிக்காரர் கேட்பார்: "அண்ணா, இன்னும் நூறு அடி விடட்டுமா?" ஐந்நூறு அடிக்குப் பணம் போட்டாயிற்று. இப்போது நிறுத்தினால் போட்டது எல்லாம் வீண். ஆகவே, "விடுப்பா" என்பார் நிலத்துக்காரர். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர் அந்நேரம் அங்கே இருக்கமாட்டார்!

ஆயிரம் அடியில் தண்ணீர் கிடைக்கவே கிடைக்காதா என்றால், சில சமயம் கிடைக்கும். ஒரு விரிசல் குறுக்கே வந்தால் இரண்டு இஞ்சுத் தண்ணீர் பீறிட்டு வரும், ஊரே வந்து பார்க்கும். ஆனால் அந்த விரிசலுக்கு மேலிருந்துதான் தண்ணீர் வந்தாக வேண்டும். பல நேரம் அது பக்கத்து வயல் கிணற்றுக்கு அடியில் இருந்த அதே தண்ணீர், வேறு வழியாக வருகிறது. ஆழமான போர் புதிய தண்ணீரை உண்டாக்குவதில்லை. உள்ள தண்ணீரை யார் முதலில் எடுப்பது என்ற போட்டியில் ஒருவரை முன்னே நிறுத்துகிறது. அடுத்த ஆண்டு பக்கத்து நிலத்துக்காரர் இன்னும் இருநூறு அடி இறக்குவார். சிறு விவசாயி கடனில் மூழ்குவது இந்தப் போட்டியில்தான். பெரியவர்கள் மூன்றாவது, நான்காவது போர் போட்டுத் தாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு ஏக்கர்க்காரர் இரண்டாவது போரிலேயே நகையை வைத்துவிடுகிறார்.

மழைக் கணக்கு

இனி ஒரு சிறு கணக்கு. பழைய சித்தூர் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 900 மில்லிமீட்டர். கிழக்கே சத்தியவேடு பக்கம் அதிகம், மேற்கே மதனப்பள்ளி பக்கம் குறைவு. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பெய்கிறது. இரண்டு பருவமும் எட்டிப் பார்க்கும் நிலம் என்பது இதன் பாக்கியம். ஆனால் இரண்டுமே முழுதாக வந்து உட்காருவதில்லை.

இந்த 900-இல் எவ்வளவு கீழே இறங்குகிறது? சிதைந்த கருங்கல் நிலத்துக்குச் சுமார் நூற்றுக்குப் பதினொன்று என்பது வாரியத்தின் அளவு. களிமண் அதிகமானால் எட்டு. கெட்டிப் பாறை வெளியே தெரியும் இடத்தில் ஒன்றே ஒன்று. நல்ல நிலம் என்றே வைத்துக்கொள்வோம். 900-க்குப் பதினொரு சதவீதம் என்றால் சுமார் 100 மி.மீ. ஓர் ஏக்கரில் 100 மி.மீ. என்பது ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். நம் ஒரு ஏக்கருக்கு வானம் ஒரு வருஷத்துக்குக் கொடுக்கும் நிலத்தடி வருமானம் இவ்வளவுதான். பாறையில் இடம் குறைவு என்பதால் இந்த 100 மி.மீ. தண்ணீரே கிணற்று மட்டத்தைப் பத்துப் பதினோரு அடி உயர்த்திக் காட்டும். "பதினோரு அடி ஏறிடுச்சு" என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். ஏறியது ஒரு முழம் தண்ணீர்கூட இல்லை.

செலவுப் பக்கம் பார்ப்போம். கோடை நெல்லுக்கு முழுக்க போர்த் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் 1200 மி.மீ. வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு வயலிலிருந்து மறுபடி கீழே இறங்கிவிடுகிறது என்று தாராளமாகவே கழித்துவிடுவோம். மீதி 800 மி.மீ. ஆவியாகிப் போனது போனதுதான். ஓர் ஏக்கர் கோடை நெல், எட்டு ஏக்கர் நிலத்தின் ஓராண்டு வருமானத்தைக் குடிக்கிறது! ஊரின் எட்டில் ஒரு பங்கு நிலத்தில் கோடை நெல் போட்டால் கணக்கு அங்கேயே முடிந்தது. குடிநீர், மாட்டுக்குத் தண்ணீர், மாந்தோப்பு எல்லாவற்றுக்கும் முதலில்தான் கைவைக்க வேண்டும். கரும்புக்கு ஆண்டு முழுதும் சேர்த்துச் சுமார் 2000 மி.மீ. தேவை, கொஞ்சம் மழை ஈடுகட்டும், மீதி போர்தான். நிலக்கடலைக்கு 500 மி.மீ. போதும். கேழ்வரகு அதற்கும் குறைவாகக் கேட்கும்.

இந்த உண்மை தெரியாமலா நம் முன்னோர் கரும்பு போட்டார்கள் என்று கேட்கலாம். சித்தூர் வெல்லம் பேர்போனது, சர்க்கரை ஆலைகள் இருந்தன, விலை இருந்தது. விலை இருக்கும் பயிரை விட்டுவிட்டுக் கேழ்வரகு போடு என்று யாராலும் உபதேசம் செய்ய முடியாது. நெல்லுக்குக் கொள்முதல் விலை இருக்க, சிறுதானியத்துக்குச் சந்தையே சரியாக இல்லாதபோது விவசாயி நெல்லையே நம்புவதில் தவறு என்ன இருக்கிறது? இன்று கரும்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. காரணம் பாதி தண்ணீர், பாதி ஆலைகளின் நிலை. அந்த இடத்தில் தோத்தாபுரி மாம்பழம் நின்றது. பெங்களூரா, கிளிமூக்கு என்று நாம் சொல்வதும் அதைத்தான். சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஆலைகள் அதை நம்பி இருக்கின்றன. வளர்ந்த மாமரம் பெரும்பாலும் மழையிலேயே பிழைத்துக்கொள்ளும் என்பதால் இந்த மாற்றம் நல்ல மாற்றம்தான். மதனப்பள்ளித் தக்காளியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அது தண்ணீருக்கும் சூதாட்டம், விலைக்கும் சூதாட்டம்.

மாறிவரும் மழை

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கும் நீராவி சுமார் ஏழு சதவீதம் கூடும் என்பது பௌதிக விதி. எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத இடைவெளியும் நீள்கிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம் 1990-களிலிருந்து பெரிய ராடாரைக் கொண்டு நம் தலைக்கு மேலே உள்ள காற்றை ஆராய்ந்து வருகிறது. அவ்வழியே போகிற நம்மில் பெரும்பாலோர் சுங்கச்சாவடியை மட்டுமே பார்த்திருப்போம்!

சமீப காலத்தில் நாமே கண்டதைச் சொல்கிறேன். 2018-இல் மழை பொய்த்தது. மாவட்டத்தின் மண்டலங்கள் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. மாமரங்களைக் காப்பாற்ற டேங்கரில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். மூன்றே ஆண்டில், 2021 நவம்பர் 18, 19 தேதிகளில், திருப்பதி நகரத் தெருக்களில் ஆறு ஓடியது. கல்யாணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து உயிர்கள் போயின. அடுத்த சில நாளில் ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் விஜயநகரக் காலத்து ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழே உள்ள ஊர்களையெல்லாம் காலி செய்ய வைத்தார்கள்.

இவ்வளவு பெய்தால் நிலத்தடி நீருக்கு நல்லதுதானே என்று தோன்றும். பாதி உண்மை. தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் ஏறுவதற்குச் சாரல் மழையைவிடப் பெருமழை நாட்களே அதிகம் உதவுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2021 மழைக்குப் பின் ராயலசீமையில் சில இடங்களில் மோட்டார் போடாமலேயே போரிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆனால் வழிந்தது என்பதன் பொருள் என்ன? பாத்திரம் நிரம்பிவிட்டது என்பதுதானே! மணற்பாங்கான நாட்டில் ஒரு பெருமழையின் நீரைப் பல ஆண்டுகளுக்குச் சேமிக்கலாம். நம் பாறைப் பாத்திரம் சிறியது. ஒரு நல்ல வருஷம் நிரப்பும், மறுவருஷமோ அதற்கடுத்த வருஷமோ தீர்ந்துவிடும். நிரம்பியபின் பெய்வதெல்லாம் கடலுக்கு.

இதில்தான் விவசாயிக்குப் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. வறண்ட ஆண்டு யாரையும் ஏமாற்றுவதில்லை. எல்லாரும் கைகட்டிக்கொண்டு நிற்பார்கள். ஈரமான ஆண்டுதான் ஏமாற்றும். மட்டம் மேலே இருக்கும்போது கடன் வாங்கிப் புதுத் தோட்டம் வைக்கிறார்கள், நெல் பரப்பைக் கூட்டுகிறார்கள். மூன்றாம் ஆண்டு மழை தவறும்போது நிற்கும் மரத்தைக் காப்பாற்ற ஆயிரம் அடிக்கு வண்டியைக் கூப்பிடுகிறார்கள். போதாக்குறைக்கு, வெயில் கூடினால் பயிருக்கே தண்ணீர்த் தாகம் கூடும். இந்திய விவசாயிகள் வெப்பம் ஏறும்போது கூடுதலாக இறைக்கிறார்கள், இப்படியே போனால் 2041 முதல் 2080 வரையிலான காலத்தில் நிலத்தடி நீர் குறையும் வேகம் இப்போதைப் போல மூன்று மடங்காகலாம் என்று 2023-இல் வெளிவந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆய்வு ஒன்று கணித்தது. உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு நம்முடையது. 2023 மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 241 கன கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 87 சதவீதம் விவசாயத்துக்கு.

அப்படியானால் நிலத்தடி நீரை எதற்குத்தான் வைத்துக்கொள்வது? 2016 ஆகஸ்டில் ராயலசீமையில் கடலைப் பயிர் பூத்து ஊசி இறங்கும் நேரத்தில் மழை நின்றபோது, அரசு ஊர் ஊராக மழைத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து நீர் தெளித்தது நினைவிருக்கலாம். தெலுங்கில் 'ரக்ஷக தடி' என்பார்கள், அதாவது காக்கும் நனைப்பு. அப்போது நடந்த ஏற்பாட்டில் ஆரவாரம் அதிகம் என்பது வேறு விஷயம். கருத்து சரியானது. மழைப் பயிருக்கு நடுவில் ஒன்றிரண்டு நனைப்பு கொடுத்தால் 50 மி.மீ. தண்ணீரில் ஒரு போகம் பிழைத்துக்கொள்ளும். கோடை நெல் ஓர் ஏக்கருக்குப் பாய்ச்சும் அதே தண்ணீரில் இருபது ஏக்கருக்கு மேல் கடலையைக் காப்பாற்றலாம். திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த 'தரணி' போன்ற வறட்சி தாங்கும் கடலை ரகத்தோடு இது சேர்ந்தால் இன்னும் நல்லது. மழை நிச்சயமில்லாத காலத்தில் நிலத்தடி நீர் அவசரத்துக்கு எடுக்கும் சேமிப்புப் பணம். அதை மாதச் செலவுக்கு எடுத்தால் அவசரத்தில் கையில் ஒன்றும் இருக்காது.

ஏரியும் கல்வெட்டும்

இந்த முதல், வட்டிக் கணக்கு நமக்குப் புதிதல்ல. திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருப்பதை நம் சங்கத்து அன்பர்கள் அறிவார்கள். 15, 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஓர் ஏற்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. பக்தர் ஒருவர் நைவேத்தியத்துக்காகப் பொன் கொடுப்பார். கோயிலார் அந்தப் பொன்னை அரிசி வாங்கிச் செலவழிப்பதில்லை. திருவிடையாட்டம் எனப்படும் கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவதற்கு அதைப் போடுவார்கள். அதனால் கூடுதலாக விளையும் நெல்லிலிருந்து ஆண்டாண்டுக்கும் நைவேத்தியம் நடக்கும். முதல் நிலத்தில் கிடக்கும், விளைவு மட்டும் மடைப்பள்ளிக்கு வரும். பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் தென்னிந்திய வரலாற்று மாணவர்கள் படிக்கும் ஒன்று.

அப்படிப் பல நூற்றாண்டுகளாக வெட்டிய ஏரிகள், குட்டைகள் பழைய சித்தூர் மாவட்டத்தில் சுமார் எட்டாயிரம். ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும் சங்கிலி ஏரிகள். தெலுங்கில் 'கொலுசுகட்டு' என்று அழகாகச் சொல்வார்கள். பொன்முகலி என்று நம் நூல்கள் போற்றும் சுவர்ணமுகி, பாலாறு, பொன்னை போன்ற மணலாறுகளில் ஊற்றுக்கால் வெட்டி, மணலுக்கடியில் கசியும் நீரையே வாய்க்காலுக்குத் திருப்பும் முறையும் வட ஆர்க்காட்டு நாட்டுக்கு உரியது. மணலை அள்ளியபின் ஊற்றுக்கால் ஏது?

போர் வந்ததும் ஏரி யாருக்கும் வேண்டாததாயிற்று. வரத்துக்கால்கள் அடைபட்டன, ஏரிக்குள்ளேயே பட்டா கேட்டார்கள். ஆனால் ராயலசீமையில் சில ஊர்க்காரர்கள் ஒரு வினோதமான காரியம் செய்தார்கள். ஏரி மதகைத் தாங்களே நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள்! ஏரித் தண்ணீரை வாய்க்காலில் விடாமல் அப்படியே நிலத்துக்குள் இறங்க விட்டால் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும் என்பது அவர்கள் கணக்கு. ஆயக்கட்டில் போர் இல்லாத ஏழை விவசாயி இதில் நஷ்டப்படுவான், அது நியாயமா என்ற கேள்வி எழும். எல்லாரும் பேசி முடிவெடுத்த ஊர்களில் இது நன்றாகவே நடக்கிறது. பாறை நாட்டில் ஏரி என்பது, கீழே உள்ள சிறிய பாத்திரத்துக்கு மேலே வைத்த இரண்டாவது பாத்திரம். பெருமழையைச் சில மாதம் பிடித்துவைத்து மெதுவாகக் கீழே விடுவதற்கு வேறு வசதி நம்மிடம் இல்லை. மழை இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்க்கும் காலத்தில் ஏரியின் தேவை கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

சட்டமும் சொட்டுநீரும்

2002-இல் ஆந்திர அரசு நீர், நிலம், மரங்கள் சட்டம் கொண்டுவந்தது. 'வால்டா' என்றால் எல்லாருக்கும் தெரியும். போர் போட அனுமதி வேண்டும், பொதுக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டருக்குள் போடக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. ராத்திரி வந்து விடியுமுன் போகும் லாரியை எந்தச் சட்டம் பிடிக்கும்?

அடுத்தது சொட்டுநீர். 2003 நவம்பரில் மாநில நுண்நீர்ப் பாசனத் திட்டம் தொடங்கியதிலிருந்து மானியம் கிடைக்கிறது, சித்தூர் விவசாயிகள் அதை நன்கு பயன்படுத்தியும் வருகிறார்கள். விளைச்சல் கூடுகிறது, களை குறைகிறது, கூலி மிச்சம். தண்ணீர் மிச்சமாகிறதா என்பதில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. வாய்க்காலில் பாய்ச்சும்போது வீணாகிறது என்று நாம் நினைக்கும் தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கிக் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சொட்டுநீரில் அந்தத் திரும்பு நீர் குறையும். மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் இரண்டு ஏக்கர் புதிதாக வைத்தால், ஊரின் மொத்தச் செலவு குறைவதற்குப் பதில் கூடிவிடும். பரப்பு அப்படியே இருந்தால்தான் சொட்டுநீர் கிணற்றைக் காக்கும்.

ஊர் கூடிப் பார்த்த கணக்கு

இந்த எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் 2000-களில் நடந்த 'விவசாயிகள் நிர்வகிக்கும் நிலத்தடி நீர்' என்ற திட்டம். சித்தூர், அனந்தப்பூர், கடப்பை உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் நடந்தது. மானியம் இல்லை, அபராதம் இல்லை, தடையும் இல்லை. ஊருக்கு ஒரு மழைமானி வைத்தார்கள். சில கிணறுகளில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மட்டத்தை விவசாயிகளே, பெண்களும் சேர்ந்து, அளந்து எழுதினார்கள். பள்ளி இறுதி தாண்டாதவர்கள்கூட லிட்டர், கன மீட்டர் என்று சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் ஊர் கூடும். எவ்வளவு பெய்தது, எவ்வளவு இறங்கியிருக்கும், ஆளாளுக்கு அடுத்த போகம் என்ன போட எண்ணியிருக்கிறார்கள், அதற்கு எவ்வளவு ஆகும் என்று எல்லார் முன்னிலும் கூட்டிக் கழிப்பார்கள். பற்றாக்குறை என்றால், "இவ்வளவு குறையுது, பார்த்துக்குங்க" என்பதோடு கூட்டம் முடியும். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நெல்லைக் குறைப்பதும் கடலைக்கு மாறுவதும் அவரவர் முடிவு.

இதனால் பயன் விளைந்தது என்று 2010-இல் உலக வங்கி அறிக்கை பாராட்டியது. பிறகு நேரில் போய்ப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், மாற்றம் சொல்லப்பட்ட அளவுக்குப் பெரிதில்லை, திட்டம் முடிந்தபின் உற்சாகமும் தளர்ந்தது என்று எழுதினார்கள். இரண்டையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இது: இலவச மின்சாரமும் நெல்லுக்கு மட்டும் உறுதியான விலையும் ஒரு பக்கம் இழுக்கும்போது, நோட்டுப் புத்தகக் கணக்கு மட்டும் தனியே நின்று ஊரைத் திருப்பிவிடாது. ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல் வேறு எதுவும் வேலை செய்யாது. அடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதவரை, ஒவ்வொருவரும் மற்றவருக்கு முன் இறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனமாக இருக்கும்.

இப்போது கிருஷ்ணா தண்ணீர் மேற்குப் பக்கம் வந்திருக்கிறது. ஹந்திரி-நீவா திட்டத்தில் ஸ்ரீசைலத்திலிருந்து ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்து 2025 ஆகஸ்டில் குப்பம் பகுதி வரை சேர்த்தார்கள். நீவா என்பது நம் பொன்னையாறுதான். சித்தூர் வழியாக ஓடித் தமிழகத்தில் பாலாற்றில் கலக்கிறது. இந்தக் கால்வாய் நீர் ஏரிகளை நிரப்பினால் கிணறுகள் ஊறும், நல்ல விஷயம். ஆனால் ஒவ்வொரு துளியும் நூற்றுக்கணக்கான மீட்டர் மின்சாரத்தால் ஏறி வருகிறது, கிருஷ்ணாவில் வெள்ளம் வரும் ஆண்டில்தான் நிறைய வருகிறது. அந்தத் தண்ணீரை நம்பிக் கோடை நெல்லுக்குத் திரும்பினால் கதை பழையபடிதான்.

நம் கிணறுகளின் மட்டம் நம்மோடு நிற்கும் விஷயமும் இல்லை. மழை நின்றபின் ஆற்றில் ஓடும் நீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து கசிந்து வருவது. கொசஸ்தலையாறு பூண்டிக்குப் போகிறது. பிச்சாட்டூர் அணையைத் தாண்டி ஆரணியாறு ஊத்துக்கோட்டைக்குப் போகிறது. இங்கே மட்டம் இறங்கினால் அங்கே தை மாதத்தில் ஆறு மணலாகக் கிடக்கும். தண்ணீர்த் தகராறு என்று பத்திரிகையில் படிக்கும்போது நாம் அணைகளை மட்டுமே நினைக்கிறோம்.

ஊரில் நிலம் உள்ளவர்கள் இந்தக் கணக்கை வீட்டிலேயே தொடங்கலாம். 200 லிட்டர் டிரம் ஒன்றை போர்க் குழாயடியில் வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். ஐம்பது விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 4 லிட்டர். நாளுக்கு ஏழு மணி நேரம் ஓடினால் ஒரு லட்சம் லிட்டர். நூறு நாளில் ஒரு கோடி. அது இரண்டு ஏக்கர் நெல்லுக்கு ஆகும், அல்லது ஐந்து ஏக்கர் கடலைக்கு ஆகும். அந்த ஒரு கோடி, இருபத்தைந்து ஏக்கர் நிலத்தின் ஓராண்டு மழை வருமானம். பழைய திறந்த கிணறு இருந்தால் அதில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மழைக்கு முன் வைகாசியில் ஒரு தடவையும் மழை முடிந்து தை பிறந்ததும் ஒரு தடவையும் மட்டத்தை அளந்து, மோட்டார் கொட்டகைச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். நிலத்தடி நீர்த் துறை மண்டலந்தோறும் கண்காணிப்புக் குழாய்களில் எடுக்கும் அளவுகள் மாநில நீர்வளத் தகவல் தளத்தில் கிடைக்கின்றன. நகரத்தில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து, சுவரில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு ஊருக்குச் சொல்லலாம். அடுத்த போருக்குப் பணம் கேட்டு போன் வரும்போது அந்த இரண்டு எண்களையும் முதலில் கேளுங்கள்.